பூட்டிய காடும் மூழ்கிய ஊரும்

குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று என்றாவது யோசித்திருக்கிறோமா? அமெரிக்காவின் சியாட்டில் நகரில், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாணவர்களைக் காட்டுக்கே அழைத்துப் போகிறார்கள். அதன் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

1889 ஜூன் 6. சியாட்டிலில் ஒரு தச்சுப் பட்டறையில் சூடாக்கிய பசை தீப்பிடித்தது. அப்போது நகரின் தண்ணீர் தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. தீயணைப்புக் குழாய்களில் போதிய அழுத்தம் இல்லை. கடைவீதி முழுக்கச் சாம்பல்! அடுத்த மாதமே மக்கள் வாக்களித்தார்கள். குடிநீரை நகராட்சியே நடத்த வேண்டும் என்று 1,875 பேர், வேண்டாம் என்று வெறும் 51 பேர். மலையிலிருந்து இறங்கும் சீடார் ஆற்றின் தண்ணீர் 1901 ஜனவரியில் நகருக்கு வந்து சேர்ந்தது.

ஆற்றை மட்டும் பிடித்தால் போதுமா? மழை விழும் நிலமும் சுத்தமாக இருக்க வேண்டுமே! அதனால் நகரம் அந்த நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கத் தொடங்கியது. 1996-ல்தான் அந்த வேலை முடிந்தது. இன்று சுமார் 90,000 ஏக்கர் நகரத்தின் சொந்தம். பொதுமக்கள் இஷ்டத்துக்கு உள்ளே போக முடியாது. வாசலில் பூட்டு.

இந்தக் கதையில் ஒரு சோகமும் உண்டு. 1914-ல் மேசன்ரி அணை கட்டினார்கள். ஒரு பக்கக் கரையோ பனிப்பாறைகள் விட்டுப்போன சரளை மேடு. தேங்கிய நீர் அதற்குள் கசிந்து, 1915-ல் கீழே இருந்த மாங்க்டன் என்ற ரயில்வே ஊரில் ஊறியது. வெள்ளம் போலப் பாய்ந்து வரவில்லை. நாளுக்கு நாள் மெதுவாக ஏறியது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஒரு நகரம் தாகம் தீர, ஒரு சின்ன ஊர் மூழ்கியது.

அந்த ஊர் இருந்த இடத்தில் இப்போது ராட்டில்ஸ்னேக் ஏரி. அதன் கரையில்தான் 2001-ல் நீர்ப்பிடிப்புப் பகுதிக் கல்வி மையத்தைத் திறந்தார்கள். மாணவர்களும் பொதுமக்களும் வழிகாட்டியோடு பூட்டைத் தாண்டிப் போவது இங்கிருந்துதான்.

வணிகவியல் மாணவனான எனக்கு இதில் பிடித்தது கணக்குதான். 2000-ல் ஏற்ற 50 ஆண்டுத் திட்டப்படி, விற்பனைக்காக மரம் வெட்டுவதை நிறுத்தினார்கள். மர வருமானம் போயிற்று. ஆனால் காடே பெரும்பாலான வேலையைச் செய்வதால், சீடார் தண்ணீருக்கு இன்றும் வடிகட்டும் ஆலை கிடையாது. ஓசோன், புற ஊதாக்கதிர், குளோரின் கொண்டு கிருமிகளை நீக்குவதோடு சரி. வரவுசெலவு ஏட்டில் இந்தக் காட்டை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

சரி, பூட்டி வைத்த காட்டை ஏன் காட்ட வேண்டும்? என் கருத்து இது. கண்ணால் பார்க்காத சொத்தை அடுத்த தலைமுறை விற்க யோசிக்காது. 51 பேர் என்பது 1,875 பேராக மாற அதிக நாள் ஆகாது. பார்த்த பிள்ளைகள்தான் நாளைய வாக்காளர்கள். மாங்க்டன் கதையையும் சேர்த்துக் கேட்டால், தண்ணீருக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதும் புரியும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்த மண்ணில் விழுந்த மழை? தெரியாவிட்டால் இன்றே வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நானும் கேட்கப் போகிறேன்.