பெட்டியும் பார்வையும்: அலைச்சறுக்கு ஒளிப்படத்தில் நீர்புகா உறையின் வரலாறு

அலைச்சறுக்கின் வரலாறு பெரும்பாலும் பலகையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கனத்த மரம் நுரைப்பொருளுக்கு வழிவிட்டது, பலகையின் அடியில் துடுப்பு பொருத்தப்பட்டது, நீளம் குறைந்தது என அவ்வரலாறு படிப்படியாக விரிகிறது. அதற்குச் சான்றாக அச்சிடப்படும் ஒளிப்படங்கள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. படம் எடுத்தவர் எங்கே நின்றார், அவ்விடத்தில் நிற்க அவருக்கு எது துணைசெய்தது என்று கேட்டால், விடை கேமராவைச் சுற்றியிருந்த பெட்டியில் கிடைக்கிறது.

அப்பெட்டிக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. பெட்டி, கூடு, உறை என்று பலவாறு வழங்குகிறது. ‘உறை’ என்ற சொல் ஒருவகையில் மிகப் பொருத்தமானது. பெயர்ச்சொல்லாக அது மூடுவதைக் குறிக்கும். வினைச்சொல்லாக வாழ்தலைக் குறிக்கும். வாழிடம் ‘உறையுள்’ எனப்படுவது அதனாலேயே. ‘கேமரா’ என்பதோ இலத்தீனத்தில் அறையைக் குறித்த சொல். ஆக, நீர்புகா உறை என்பது ஓர் அறைக்குக் கட்டப்பட்ட வீடு. அந்த வீட்டின் சன்னல் எப்படி அமைகிறதோ, அப்படியே வெளியுலகும் தெரியும்.

கடலுக்குள் கேமராவை இறக்கும் முயற்சி அலைச்சறுக்கோடு தொடங்கவில்லை. 1856இல் இங்கிலாந்தின் வேமத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் ஒரு கேமராவைப் பெட்டிக்குள் வைத்து, கழியில் பொருத்திக் கடலடிக்கு இறக்கினார். நீர் உள்ளே புகுந்துவிட்டது. ஆயினும் தட்டில் மங்கலான உருவம் பதிந்தது. 1893இல் பிரான்ஸின் பன்யூல்ஸ் கடற்கரையில் உயிரியலாளர் லூயி பூத்தான் தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்து உருவாக்கிய பெட்டியைக் கொண்டு நீரடிப் படங்களை எடுத்தார். இவர்கள் நாடியது அசைவு குறைந்த, ஆழமான நீரை. அங்கே பகை அழுத்தம். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒருமுறை ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். ஆகவே முக்குளிப்போரின் பெட்டிக்குத் தடித்த சுவர் வேண்டும்; உள்ளிருக்கும் ஒவ்வொரு விசையையும் வெளியிலிருந்து திருகும் ஏற்பாடும் வேண்டும்.

அலைச்சறுக்கைப் படமெடுப்பவருக்குத் தேவை வேறு. அவர் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பிலேயே மிதக்கிறார். அவருடைய பகை ஆழமன்று. அலை உடையும்போது விழும் அடி. பெட்டியை ஒரு கையில் பிடித்து மறு கையால் நீந்த வேண்டும். அலைக்கு அடியில் மூழ்கி வெளிவந்த கணத்திலேயே விசையை அழுத்த வேண்டும். குவியத்தையும் ஒளியளவையும் கரையிலேயே தீர்மானித்துவிட்டு இறங்குபவருக்குப் பல திருகுகளால் பயனில்லை. நீர் புகக்கூடிய துளைகள்தான் மிகும். பெட்டி கைநழுவினால் மூழ்கிவிடக் கூடாது. அளவுக்கு மீறி மிதந்தாலோ அலைக்கு அடியில் மூழ்கவிடாமல் ஆளை இழுத்துக்கொண்டு போகும். முக்குளிப்போருக்காகச் செய்யப்பட்ட பெட்டி ஏன் அலைக்கு எளிதில் பொருந்தவில்லை என்பதற்கு இவ்வேறுபாடே விளக்கம். அலைக்கான பெட்டியை நெடுங்காலம் அலையில் இறங்கியவர்களே தம் கையால் செய்துகொண்டமைக்கும் இதுவே காரணம்.

அவர்களுள் முன்னோடி டாம் பிளேக். உள்ளீடற்ற இலகுவான பலகையை வடிவமைத்தவராகவும், 1935இல் பலகையின் அடியில் துடுப்பைப் பொருத்தியவராகவும் அறியப்படுபவர். ஹவாயின் புகழ்பெற்ற நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்குவிடமிருந்து ஒரு கிராஃப்ளெக்ஸ் கேமராவை வாங்கி, 1930ஐ ஒட்டி அதற்கு நீர்புகாப் பெட்டி செய்தார். அவர் வைக்கீக்கியில் எடுத்த படங்கள் 1931இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் இதழிலும், 1935 மே மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழிலும் வெளிவந்தன.

அதற்கு முன்பும் வைக்கீக்கியில் அலைச்சறுக்குப் படங்கள் எடுக்கப்பட்டதுண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த நன்கறியப்பட்ட படங்களில் ஹவாய் மனிதர் பலகையோடு கரையில் நிற்கிறார். பின்னணியில் டயமண்ட் ஹெட் மலை. அஞ்சலட்டைகள் வழியே உலகுக்குத் தெரிந்த உருவம் அதுவே. அங்கே மனிதர் நிலக்காட்சியின் ஓர் உறுப்பு. பிளேக்கின் பெட்டி பார்வையின் திசையையே மாற்றியது. பார்ப்பவர் இப்போது நீருக்குள் இருக்கிறார். பலகை அவரை நோக்கி வருகிறது.

1931ஆம் ஆண்டு இதழில் அப்படங்களைக் கண்டவர்களுள் ஒருவர் ஜான் ஹீத் பால் என்ற பல் மருத்துவர். ‘டாக்’ பால் என்றே அழைக்கப்பட்ட இவர், 1935இல் உருவான பாலோஸ் வெர்டெஸ் அலைச்சறுக்குச் சங்கத்தின் தூண்களுள் ஒருவர். தம் கேமராவுக்குத் தாமே மரப்பெட்டி செய்துகொண்டு கலிபோர்னியக் கடலில் இறங்கினார். 1946இல் அவர் வெளியிட்ட ‘கலிபோர்னியா சர்ஃப்ரைடர்ஸ்’ என்ற படத்தொகுப்பு 510 படிகளே அச்சிடப்பட்டது. போருக்கு முந்தைய கலிபோர்னிய அலைச்சறுக்கு இன்று எந்த உருவில் நினைவுகூரப்படுகிறதோ, அதில் பெரும்பங்கு இச்சிறு தொகுப்புக்கு உண்டு.

அதே சங்கத்தைச் சேர்ந்த லெராய் கிரானிஸ் தொலைபேசி நிறுவன ஊழியர். உடல்நலக் குறைவால், பொழுதுபோக்கு ஒன்றை மேற்கொள்ளுமாறு மருத்துவர் கூறியதன்பேரில் 1959இல், நாற்பதைக் கடந்த வயதில், கேமராவைக் கையிலெடுத்தார். அவர் தீர்க்க முனைந்த சிக்கல் வேறு. ஒரு படச்சுருளில் 36 படங்கள். அது தீர்ந்ததும் அலைகளைக் கடந்து கரைக்கு நீந்தி, கையை உலர்த்தி, சுருளை மாற்றி, மீண்டும் அலைகளைக் கடந்து வரவேண்டும். நல்ல அலைகள் அதுவரை காத்திருப்பதில்லை. உறிஞ்சு கிண்ணங்களால் பலகையோடு ஒட்டிக்கொள்ளும், உட்புறம் ரப்பர் பூசிய பெட்டி ஒன்றை அவர் அமைத்தார். கடலில் இருந்தபடியே சுருளை மாற்ற அது உதவியது. அதனால் அவர் தொடர்ந்து நீரில் இருக்க முடிந்தது.

இவ்விடத்தில் ஒரு சிறு வளையத்தைக் குறிப்பிட வேண்டும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சனுக்கு 1939இல் வழங்கப்பட்ட காப்புரிமை, பள்ளத்தில் அமரும் ரப்பர் வளையத்துக்கானது. வெளியழுத்தம் கூடக்கூட வளையம் நசுங்கி இடைவெளியை மேலும் இறுக அடைக்கும். நீராற்றல் இயந்திரங்களுக்காக உருவான இவ்வளையமே பின்னர் நீர்புகாக் கேமராப் பெட்டிகளின் உயிர்நாடியாயிற்று. ஒரு மயிரிழையோ மணல்துகளோ அதன்மேல் கிடந்தால் போதும், பெட்டி நிரம்பிவிடும். வளையத்தைத் துடைத்து, சிலிக்கோன் பசை தடவி, கேமரா இல்லாத வெறும் பெட்டியை முதலில் நீரில் அமிழ்த்திச் சோதிக்கும் வழக்கம் இவ்வச்சத்திலிருந்து பிறந்தது.

1960களின் தொடக்கத்தில் பெட்டியே தேவையில்லாத கேமரா வந்தது. ழாக் கூஸ்தோவின் தூண்டுதலால் பெல்ஜியப் பொறியாளர் ஜான் தெ வூட்டர்ஸ் வடிவமைத்த கலிப்ஸோ, பிரான்ஸில் தயாரிக்கப்பட்டது. அதன் உரிமையைப் பெற்ற நிக்கான் நிறுவனம் 1963இல் அதை நிக்கானோஸ் என்ற பெயரில் வெளியிட்டது. இக்கருவி அலைச்சறுக்கு ஒளிப்படத்துக்குள்ளும் விரைவில் நுழைந்தது.

ஆயினும் அது முக்குளிப்போரை மனத்திற்கொண்டு பிறந்த கருவி. அதன் 35 மி.மீ. லென்ஸ் காற்றிலும் நீரிலும் இயங்கியது. 28, 20, 15 மி.மீ. அகலக்கோண லென்ஸ்கள் நீருக்கடியில் மட்டுமே தெளிவாகப் படமெடுக்கும்படி கணக்கிடப்பட்டவை. அலைச்சறுக்கரை நெருங்கிப் படமெடுப்பவருக்கு அகலக்கோணம் இன்றியமையாதது. அவருடைய உடல் நீரில் இருந்தாலும் அவர் லென்ஸ் பார்ப்பது பெரும்பாலும் காற்றின் வழியே. எனவே வழக்கமான கேமராவையும் அதன் லென்ஸையும் தக்கவைத்து, அவற்றைச் சுற்றிப் பெட்டி கட்டும் வழிக்கே பலரும் திரும்பினர். கண்ணாடி இழையாலும், பின்னர் அலுமினியத்தாலும் பாலிகார்பனேட்டாலும் செய்யப்பட்ட, துப்பாக்கி விசை போன்ற கைப்பிடியுடைய பெட்டிகள் அவ்வாறு வளர்ந்தன.

அப்பெட்டிகளின் முகப்புக் கண்ணாடியைத் தேர்வதில் ஒளியியல் குறுக்கிடுகிறது. நீரின் விலகல் எண் ஏறத்தாழ 1.33. தட்டையான முகப்பின் வழியே நீருக்குள் பார்த்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும்; காட்சியின் அகலம் சுருங்கும். காற்றின் வழியே தொலைவிலிருந்து நீள்குவிய லென்ஸால் எடுப்பவருக்கு இது இடையூறன்று. நீர் பாதி, வானம் பாதியாக எடுக்க விரும்புபவருக்கோ கவிகை வடிவ முகப்பு வேண்டும். அது காட்சியின் அகலத்தைக் காத்துத் தருகிறது. ஆனால் அதற்கும் விலையுண்டு. நீருக்குள் தொலைவிலிருக்கும் பொருளின் மாயபிம்பம் கவிகைக்கு மிக அருகில், சிறு கவிகையாயின் ஒரு முழத்துக்குள்ளேயே, விழுகிறது. ஒரே படத்தின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் வெவ்வேறு குவியத்தைக் கேட்கின்றன. கவிகை பெரிதானால் இச்சிக்கல் குறையும். பெட்டியைச் சுமந்து நீந்துவது கடினமாகும். முகப்பில் துளிகள் நின்று படத்தைக் கெடுப்பதும் உண்டு. அதற்கு இன்றளவும் கையாளப்படும் மருந்து, முகப்பை நாவால் நக்கி, உடனே நீரில் முக்கி எடுப்பது. எச்சில் பட்ட பரப்பில் நீர் துளியாகத் திரளாமல் படலமாக வழியும்.

பெட்டியின் வடிவம் பார்வையை எவ்வளவு தூரம் மாற்றக்கூடும் என்பதற்கு ஜார்ஜ் கிரீனோ உச்சமான எடுத்துக்காட்டு. கலிபோர்னியாவின் சான்டா பார்பராவைச் சேர்ந்த இவர் முழந்தாளிட்டு அலையில் சறுக்குபவர். ஏறத்தாழ 12 கிலோ எடையுள்ள படப்பிடிப்புக் கருவியைப் பெட்டியோடு தம் முதுகில் கட்டிக்கொண்டு, வளைந்து கவியும் அலையின் குழலுக்குள் சென்றார். 1973இல் வெளியான ‘கிறிஸ்டல் வாயேஜர்’ திரைப்படத்தின் இறுதிப் பகுதி, குழலுக்குள் மெதுவியக்கத்தில் எடுத்த இத்தகைய காட்சிகளால் ஆனது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘எக்கோஸ்’ இசை அதனுடன் இணைந்து ஒலிக்கிறது. பிளேக்கின் பெட்டி அலைச்சறுக்கரை எதிர்கொண்டது. கிரீனோவின் பெட்டியோ அலைச்சறுக்கர் காண்பதையே காட்டியது.

இப்பாதையின் அடுத்த கட்டம் பலரும் அறிந்தது. 2002இல் நிக் வுட்மன் தொடங்கிய நிறுவனம், அலையில் இருப்பவர் தம்மைத் தாமே படமெடுக்கும் வகையில் 2004இல் மணிக்கட்டில் கட்டும் படச்சுருள் கேமராவை நீர்புகா உறையோடு வெளியிட்டது. அதுவே கோப்ரோ. 2016இல் வந்த அதன் ஐந்தாம் தலைமுறைக் கேமரா தனி உறையின்றியே பத்து மீட்டர் ஆழம் வரை தாங்கியது.

பிளேக்கிலிருந்து கோப்ரோ வரையிலான இந்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளை நெருக்கத்தின் வெற்றியாக மட்டும் வாசிப்பது எளிது. ஒவ்வொரு நெருக்கமும் எதையோ சட்டகத்துக்கு வெளியே தள்ளியிருக்கிறது. கரையிலிருந்து எடுத்த வைக்கீக்கிப் படம் அலைச்சறுக்கரைச் சிறு உருவமாகவே காட்டியது. ஆனால் ஓடங்களும் விடுதிகளும் வேடிக்கை பார்ப்போரும் மலையும் அதில் இடம்பெற்றனர். எவ்விடம், ஏறத்தாழ எக்காலம், கடற்கரை யாருடையதாக இருந்தது என்பவற்றை அப்படத்திலிருந்து ஊகிக்க முடியும். குழலுக்குள் எடுத்த படத்தில் பெரும்பாலும் நீரும் ஒளியும் ஓர் உடலும் மட்டுமே உள்ளன. அது கலிபோர்னியாவா ஆஸ்திரேலியாவா என்று படத்தைக் கொண்டு மட்டும் சொல்வது கடினம். விதிவிலக்குகள் உண்டு. 2007இல் படமெடுக்கத் தொடங்கிய ஹவாயின் கிளார்க் லிட்டில், கரையோரம் உடையும் அலைக்குள் நின்று கரையை நோக்கியே கேமராவைத் திருப்புகிறார். அலையின் வளைவுக்கு அப்பால் தென்னைகள் தெரிகின்றன. ஆனால் அது அகலக்கோண லென்ஸும் பொருத்தமான முகப்பும் கூடிவந்தால்தான் கிடைக்கும் காட்சி. அங்கும் பெட்டியின் தேர்வே ஊரைப் படத்துக்குள் மீட்டுக்கொடுக்கிறது.

இந்திய அலைச்சறுக்கின் வரலாற்றை எழுத முனைவோருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. கர்நாடகத்தின் முல்கியிலும் சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் இவ்விளையாட்டு வேரூன்றியதும், கையடக்க நீர்புகாக் கேமரா பரவியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. ஹவாயும் கலிபோர்னியாவும் பல பதிற்றாண்டுகளில் கடந்த படிகளை இக்கரைகள் கடக்கவில்லை. இங்கே நெருக்கமான படமே தொடக்கத்திலிருந்து எளிதில் கிடைக்கிறது. கோவளம் மீனவர் ஊர். அலையேறும் இளைஞரின் பின்னே படகுகளும் உலரும் வலைகளும் உள்ள கரை இருக்கிறது. மணிக்கட்டிலோ பலகை முனையிலோ பொருத்திய கேமராவின் சட்டகத்தை இளைஞரின் உருவமே நிறைத்துவிடுகிறது. கரை ஓரத்தில் ஒரு கோடாகச் சுருங்குகிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து இப்படங்களை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், மீனவரின்றி நிகழ்ந்த ஒரு விளையாட்டைக் காணக்கூடும்.

ஆகவே ஓர் அலைச்சறுக்குப் படத்தை ஆவணமாகக் கொள்ளும்போது தேதி, இடம், பெயர் ஆகியவற்றோடு அதை எடுத்த பெட்டியையும் பதிவுசெய்வது ஆய்வு நெறியாக வேண்டும். கடற்கரை ஊர்களில் இன்று படமெடுப்போர் ஒவ்வொரு நாளும் சில படங்களையேனும் கரையில் நின்று, பெட்டியே இல்லாமல், எடுத்துவைத்தால் நாளைய வரலாற்றுக்கு அவை பெருந்துணையாகும்.