மௌனப் பண்டமாற்றும் வேடர் வணிகமும்

வணிகம் என்றவுடன் சந்தையின் ஆரவாரமும் பேரப் பேச்சுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் விற்போரும் வாங்குவோரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாது, ஒரு சொல்லும் பேசாது பொருள்களை மாற்றிக்கொண்ட முறையொன்று பண்டைய உலகிற் பல இடங்களில் நிலவியதாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. வரலாற்றாசிரியர் இதனை மௌனப் பண்டமாற்று என்பர்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டினரான கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ், ஆபிரிக்காவின் மேற்குக் கரையிற் கார்த்தேஜ் வணிகர் இம்முறையிற் பொன் பெற்றதை விவரித்துள்ளார். வணிகர் சரக்குகளைக் கரையிற் பரப்பிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிப் புகை எழுப்புவர். புகை கண்டு வரும் மக்கள் ஈடாகப் பொன்னை வைத்துவிட்டு விலகிச் செல்வர். பொன் போதாதெனின் வணிகர் அதனைத் தொடாது மீண்டும் காத்திருப்பர். இரு சாராரும் நிறைவடையும் வரை மற்றவர் பொருளில் எவரும் கைவைப்பதில்லையாம்.

இலங்கை பற்றியும் இத்தகைய செய்தியுண்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு இரண்டாண்டுகள் தங்கிய சீன யாத்திரிகர் பாகியன், இத்தீவில் முன்னர் மனிதர் வாழவில்லை என்றும், ஆவிகளும் நாகருமே வாழ்ந்தனர் என்றும் எழுதினார். ஆவிகள் தம்மை வெளிக்காட்டாது, அரும்பொருள்களை விலை குறித்து வைத்துவிடும். பிறநாட்டு வணிகர் அவ்விலையைக் கொடுத்து அவற்றை எடுத்துச் செல்வர். கண்ணுக்குப் புலப்படாத மக்களைக் கேட்போர் ஆவிகளாக்கிவிட்டனர் போலும்! எனினும் விலையைக் குறித்தவர் வந்த வணிகரல்லர், இத்தீவினரே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இதனினும் தெளிவான சான்று றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நூலிற் கிடைக்கின்றது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த அவர், தம் அனுபவங்களை 1681இல் இலண்டனில் வெளியிட்டார். அம்பு தேவைப்படும் வேடர் இரவில் இறைச்சிச் சுமையுடன் வந்து, அதனைக் கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவர். தாம் வேண்டும் அம்பின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் அதனருகே தொங்கவிட்டுச் செல்வர். கொல்லன் அவ்வடிவிலே அம்புகள் செய்து அதே இடத்தில் வைப்பான். வேடர் அவற்றைப் பெற்று, மேலும் இறைச்சி கொணர்ந்து கொடுப்பர்.

பாடசாலையில் நாம் கற்றபோது வேடர் வேட்டையாடுவோராக மட்டுமே அறிமுகமாயினர். அவர்களும் வணிகஞ் செய்தனர் என எவரும் கூறக் கேட்டதில்லை. பேசாது பொருள் மாற்றியதை நாகரிகக் குறைவின் அடையாளமாகக் கொள்வோரும் உளர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. அந்த இலையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரும்பை உருக்கும் தொழிலை வேடர் அறியார். ஆயினும் எத்தகைய அம்பு தமக்கு வேண்டும் என்பதைக் கொல்லனுக்கு ஐயமின்றி உணர்த்தினர். நீளமும் அகலமும் இலையிலேயே இருந்தன. கொல்லனுக்கு முன்கூட்டியே இறைச்சி கிடைத்தது. பணி முடிந்தபின் மேலும் கிடைத்தது.

வேடரிடம் விற்பதற்குப் பொருளும் இருந்தது. மரப்பொந்தில் தேனிட்டு, அதனுள் இறைச்சியை நிரப்பிக் களிமண்ணால் அடைத்துப் பாதுகாக்கும் முறையையும் நொக்ஸ் குறிப்பிடுகின்றார். செலிக்மன் தம்பதியர் 1911இல் வேடர் பற்றிய தம் நூலை வெளியிட்ட காலத்திலும், கோடரியும் அம்பு முனையும் அயலவரிடமிருந்தே வேடருக்குக் கிடைத்து வந்தன.

எனினும் இம்முறையை முற்றிலும் நம்பிக்கையால் விளைந்த உறவெனக் கொள்ளுதல் பொருந்தாது. இறைச்சியை எடுத்துக்கொண்டு அம்பு செய்யாத கொல்லனின் கதியையும் நொக்ஸ் எழுதியுள்ளார். என்றேனும் ஓரிரவு, இருளிலிருந்து அவன்மீது அம்பு பாயும்.