அழியும் கோடும் அழியாக் கோடும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். மாலைக் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

புருவத்தில் பச்சை குத்திக்கொள்வது இப்போது நம் ஊர் அழகு நிலையங்கள் வரை வந்துவிட்டது. 'பெர்மனென்ட் மேக்கப்' என்கிறார்கள். புருவம், இமையோரம், உதடு ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். விசாரிக்கப் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: வலிக்குமா, எவ்வளவு ஆகும்? கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: 'ஊசியை எடுப்பதற்கு முன்னால் வரைந்து காட்டுவீர்களா?' இந்த வரைகிற வேலைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் பச்சை குத்தும் முறையை எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் துணியில் வைத்துத் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டுக் குழைத்தால் மை தயார். பச்சை குத்த வந்த குறவர் சமூகப் பெண் எடுத்தவுடனே ஊசியைத் தொடமாட்டார். மழுங்கிய குச்சியை மையில் தொட்டு, முதலில் தோலின் மேல் படத்தை வரைவார். அதன் பிறகுதான் சேர்த்துக் கட்டிய ஊசிகளுக்கு வேலை.

அந்தப் படங்களில் பல, நம் வாசல் கோலங்களே. ஜான் லேயார்டு என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் 1937-இல் தென்னிந்திய வாசல் கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரையே எழுதினார். வாசலில் ஒரு இழை தப்பினால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். நாளைக் காலையில் எப்படியும் புதுக் கோலம்தான். தோலில் அந்தச் சலுகை, குச்சி ஓடுகிற அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டுமே. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் யார் பேச்சு எடுபட்டது? கையை நீட்டி உட்கார்ந்திருந்தவள் பல வீடுகளில் சின்னப் பெண். என்ன கோலம், எந்த இடம் என்பதைப் பெரியவர்கள் சொன்னார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அதைவிடக் கொடுமையான ஒரு வரலாறும் நம் நாட்டில் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், வங்காளத்தில் 1797-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, ஆயுள் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். இதற்கு 'கோத்னா' என்று பெயர். தலையெழுத்து என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அரசாங்கமே ஊசியால் எழுதியது. தலைப்பாகையை இறக்கிக் கட்டியும் முடியை முன்னால் விட்டும் அதை மறைக்கப் பார்த்தவர்கள் உண்டு. 1849-இல்தான் இந்தத் தண்டனையை எடுத்தார்கள். இன்று புருவம் வரைகிற இடத்துக்கு இரண்டு விரல் மேலேதான் அந்த எழுத்து இருந்தது. அங்கே 'இது சரியா?' என்று கேட்க ஆளில்லை.

இப்போது அமெரிக்காவுக்குப் போக வேண்டும். காரணம், இன்று புருவத்தில் குத்துகிற மின்சார ஊசியின் பாட்டனார் பிறந்தது அங்கேதான். பிறந்ததோ தோலுக்காக அல்ல, காகிதத்துக்காக! 1876-இல் தாமஸ் ஆல்வா எடிசன் 'மின்சாரப் பேனா' ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பேனாவின் தலையில் சிறு மோட்டார், நுனியில் ஊசி. எழுதிக்கொண்டே போனால் ஊசி விறுவிறுவென்று மேலும் கீழும் இறங்கிக் காகிதத்தில் நுண்ணிய துளைகளைப் போடும. அந்தத் துளைத்த தாளின் மேல் மை உருளையை ஓட்டினால், அடியில் வைத்த காகிதத்தில் பிரதி விழும்.

என் வயது ஆசிரியர்களுக்கு இதைப் படித்தவுடன் ஒரு வாசனை நினைவுக்கு வந்திருக்கும். ஆமாம், சைக்ளோஸ்டைல் மை வாசனைதான். ஸ்டென்சில் தாளில் கேள்வித்தாள் தட்டச்சு செய்து, பிரதி எடுத்தோமே, அந்த இயந்திரமும் இதே குடும்பம்தான். எடிசனின் காப்புரிமைகளைப் பயன்படுத்த உரிமம் பெற்றுத்தான் ஏ. பி. டிக் நிறுவனம் 1887-இல் 'மிமியோகிராஃப்' இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே மின்சாரப் பேனாவை அடிப்படையாகக் கொண்டு, நியூயார்க்கில் பச்சை குத்திவந்த சாமுவேல் ஓரைலி 1891-இல் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் போனது, ஒன்று பச்சை குத்தும் கடைக்குப் போனது.

ஸ்டென்சில் தாளில் எழுத்து தப்பினால் திருத்தும் திரவத்தைப் பூசி, காயவிட்டு, அதன் மேலேயே மறுபடி தட்டலாம். உருளை சுற்ற ஆரம்பித்தபின் தப்பு இருந்தால் 200 பிரதியிலும் தப்பு. இந்த நியாயம் பச்சை குத்துகிறவர்களுக்கும் தெரிந்திருந்தது. இயந்திரம் வந்து வேகம் கூடியதும், முன்கூட்டியே வரைந்துகொள்கிற வேலையும் கூடவே வளர்ந்தது. மாதிரிப் படங்களைக் கடைச் சுவரில் மாட்டினார்கள். வாடிக்கையாளர் கை காட்டிய படத்தின் கோடுகளை செல்லுலாய்டு தகட்டில் கீறி, அதில் கரித்தூளைத் தேய்த்து, வாஸ்லைன் தடவிய தோலில் ஒற்றி எடுப்பார்கள். கோடு தோலில் நிற்கும். பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிடலாம். இன்றைய டாட்டூ கடைகளில் ஒற்றி எடுக்கிற ஊதாத் தாளும், மேல்நாட்டுப் பள்ளிகளில் பிரதி எடுக்கப் பயன்பட்ட ஸ்பிரிட் டூப்ளிகேட்டரின் உறவுக்காரர்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜார்ஜ் பர்ச்செட் போன்றவர்கள் அழகுக்காக முகத்தில் பச்சை குத்தினார்கள். 1980-களில் ஜியோரா ஆங்க்ரெஸ் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் இமையோரக் கோட்டை ஒரு மருத்துவ முறையாகவே எழுதி வெளியிட்டார். ஆனால் முகத்துக்கு வந்தபோது சுவரில் மாட்டிய மாதிரிப் படம் உதவவில்லை. கையில் குத்துகிற ரோஜா யார் கையிலும் ரோஜாதான். புருவம் அப்படி இல்லை. ஒருத்திக்குப் பொருந்துவது இன்னொருத்திக்குக் கோபக்காரி முகத்தைக் கொடுத்துவிடும்.

அதனால் அளவுக்கு வந்தார்கள். மூக்கின் பக்கவாட்டிலிருந்து நேரே மேலே போகும் கோடு, புருவம் தொடங்கும் இடம். அங்கிருந்தே கண்மணி வழியாகச் சாய்ந்து போகும் கோடு, வளைவின் உச்சி. கடைக்கண் வழியாகப் போகும் கோடு, புருவத்தின் முடிவு. இந்தப் புள்ளிகளைச் சேர்ப்பதற்கு மை தடவிய நூலை முகத்தில் இழுத்துப் பதிக்கிறார்கள். மரத்தை அறுக்கும் முன் ஆசாரி நூல் அடிப்பாரே, அதே வேலைதான்!

இதில் கவனிக்க வேண்டியது, வரையும்போது நம்மை நேராக உட்கார வைக்க வேண்டும். படுத்தால் முகத்தின் தோல் நகரும். படுக்கையில் சமமாகத் தெரிவது எழுந்தால் கோணலாகும். முகம் சுளிக்காமல், சிரிக்காமல், சும்மா இருக்கும்போது ஒரு முறை பார்க்க வேண்டும். பேசும்போதும் ஒரு முறை பார்க்க வேண்டும். எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. அளவு வழிகாட்டும், கடைசித் தீர்ப்பு கண்ணுக்குத்தான்.

இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கலாம். புற்றுநோய் மருந்தில் புருவம் முழுக்க உதிர்ந்த பெண்களும் இந்த நாற்காலியில் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு அளவெடுக்கத் துணை, பழைய புகைப்படம். மார்பகத்தை இழந்து, அறுவை மூலம் மறுபடி அமைத்துக்கொண்டவர்களுக்கு, முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தையும் பச்சை குத்தித் தருகிறார்கள். அங்கேயும் நிமிர்ந்து இருக்கும்போது இடம் குறித்துக்கொண்டுதான் ஊசியைத் தொடுவார்கள். நோயும் சிகிச்சையும் அவர்களைக் கேட்காமல் உடம்பில் எத்தனையோ அடையாளம் போட்டுவிட்டன. இந்த ஓர் அடையாளத்தையாவது அவர்கள் பார்த்து, 'சரி' என்று சொன்ன பிறகு போட வேண்டும்.

நெற்றியில் குற்றம் எழுதப்பட்ட கைதியிடம் யாரும் கேட்கவில்லை. கையை நீட்டிய சின்னப் பெண்ணிடமும் கேட்கவில்லை. பென்சில் கோடு போட்டு, கையில் கண்ணாடியைக் கொடுத்து, பதிலுக்குக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடம் இத்தனை காலம் கழித்து வந்திருக்கிறது. யாராவது அவசரப்படுத்தி அதைப் பறித்தால் விட்டுவிடாதீர்கள். 'வேண்டாம், துடைத்துவிடுங்கள்' என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். 'நாளைக்கு வருகிறேன்' என்று எழுந்து வந்தாலும் தப்பில்லை. உங்கள் பெண்ணோ பேத்தியோ போவதாக இருந்தால் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியோ அம்மாவோ கையில் பச்சை குத்தியிருந்தால், அது என்ன கோலம், அதை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.