நூறு நூலும் ஒற்றை நூலும்

பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் லேஸ் பின்னுவதைக் கண்ணால் காணும் முன்பே காதால் கேட்டுவிட்டேன். கன்னியாஸ்திரீகள் லேஸ் பள்ளி நடத்திய பழைய கட்டடத்தில்தான் இன்றைய லேஸ் மையம் இருக்கிறது. பிற்பகலில் அங்கே பெண்கள் உட்கார்ந்து பின்னுகிறார்கள். கதவைத் திறந்ததும் மரக்கட்டைகள் ஒன்றோடொன்று உரசும் கலகலப்பு. சில நாள் கழித்து வெனிஸிலிருந்து படகேறி, புரானோ தீவின் லேஸ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கும் பெண்கள் வேலையாக இருந்தார்கள். சத்தமே இல்லை. இரண்டுக்கும் லேஸ் என்றே பெயர். பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு தொழில் என்று தெரிந்துவிடும்.

ப்ரூஜில் எதிரே ஓர் இறுகிய தலையணை. அதன்மேல் வடிவத்துக்கேற்பத் துளையிட்ட அட்டை. ஒவ்வொரு நூலின் முனையிலும் பென்சில் கனத்தில் ஒரு மரக்கட்டை. பாபின் என்பது இதைத்தான். நம் தையல் மெஷினில் இருப்பது வேறு. நூறு கட்டைகள் விசிறிபோல் விரிந்து கிடந்தாலும் ஒரு நேரத்தில் விரலில் புரள்பவை நாலுதான். செய்வதும் இரண்டே காரியம்: நடுக்கட்டைகள் இரண்டையும் இடம் மாற்றுவது, பக்கத்து ஜோடிகளை முறுக்குவது. பிறகு அட்டைத் துளையில் ஒரு குண்டூசி. பின்னல் கோலாட்டத்தில் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து மாறி மாறி நுழைந்து வரும்போது மேலே சடை விழுமே, அதே கணக்கு. எவ்வளவு நுணுக்கமான பூவும் இந்த இரண்டு அசைவுகளுக்குள் அடங்கிவிடுகிறது. வெர்மீர் 1670 வாக்கில் வரைந்த லேஸ் பின்னும் பெண்ணின் ஓவியம் பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. சுமார் 24 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறு படம். முன்னால் வழியும் நூல்கள் அதில் கலங்கித் தெரியும். விரலிடை நூல் மட்டும் துல்லியமாக இருக்கும். ஏன் என்று ப்ரூஜில்தான் எனக்குப் புரிந்தது. பார்ப்பவர் கண்ணும் அந்த நாலு கட்டையை விட்டு நகர்வதில்லை.

புரானோவில் ஒரு ஊசி, ஒரு நூல், அவ்வளவுதான். இரட்டைத் துணியின்மேல் வரைந்த தாளை வைத்து, கோட்டின்மேல் நூலை ஓட்டி, அங்கங்கே தைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கோட்டு நூலைப் பற்றிக்கொண்டு காஜா தையலை வரிசை வரிசையாக நிரப்புகிறார்கள். நிரப்பும்போது ஊசி துணிக்குள் இறங்குவதே இல்லை. முந்தைய வரிசையின் கண்ணியில் நுழைந்து வெளியே வருகிறது. வெனிஸ்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘புந்தோ இன் ஆரியா’, அதாவது காற்றில் இட்ட தையல். எல்லாம் நிரம்பியபின் இரண்டு துணிக்கும் நடுவே பிடிப்புத் தையல்களை அறுத்தால் லேஸ் தனியாகக் கழன்று வரும். அந்தக் கட்டத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான் பார்த்தது ஓர் அம்மா நிரப்பிக்கொண்டிருந்த இலையின் மூலை. அரை மணி நேரத்தில் சுண்டுவிரல் நகத்தளவுகூட நிரம்பவில்லை. பார்க்கும் சுகம் ப்ரூஜில்தான் அதிகம், சந்தேகமில்லை. ஆனாலும் நான் வெகுநேரம் நின்றது புரானோவில்.

ஏனென்றால் அந்த அம்மா போட்டுக்கொண்டிருந்தது ஒரே வகைத் தையல். கோடு ஓட்ட ஒருவர், உள்ளே நிரப்ப ஒருவர், இடைவெளியில் வலை கட்ட ஒருவர், கடைசியில் பிரித்தெடுக்க ஒருவர் என்று ஓர் உருப்படி ஏழு பேர் கை மாறுவது புரானோ வழக்கம். ப்ரூஜில் நூறு நூலும் ஒருத்தி கையில். புரானோவில் ஒற்றை நூலுக்கு ஏழு பெண்கள். ப்ரூஜிலும் பெரிய உருப்படிகளைத் துண்டு துண்டாகப் பின்னிச் சேர்ப்பது உண்டு. இருந்தும் தன் துண்டை ஒருத்தியே தொடங்கி முடித்துவிடலாம்.

இரண்டு ஊர்களின் கதையும் பிரிவது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஏழு பேரில் ஒருவர் இல்லையென்றாலும் புரானோ லேஸ் நின்றுவிடும். நின்றும் போனது. பிறகு 1872இல் கடுங்குளிரில் காயல் உறைந்து மீனவர் வீடுகளில் அடுப்பெரியாமல் போக, பிழைப்புக்கு வழியாக அங்கே லேஸ் பள்ளி தொடங்கினார்கள். பழைய வேலை நினைவில் இருந்தது சென்சியா ஸ்கர்பரியோலா என்ற மூதாட்டிக்கு மட்டும். அவர் கையைப் பார்த்து ஓர் ஆசிரியை கற்றுக்கொண்டு மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பள்ளியும் 1970இல் மூடப்பட்டது.

பாபின் லேஸோ ஒருத்தியோடு கடல் தாண்டிவிடும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷனரி குடும்பமாக நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட், அங்குள்ள பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தத் தலையணை லேஸைத்தான். அவர் மகள் எலிசா, மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. ஊசி லேஸை இவ்வளவு எளிதாக மூட்டை கட்ட முடியாது. 1665இல் பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர் அதைத் தம் நாட்டில் வளர்க்க விரும்பியபோது வெனிஸிலிருந்து பெண்கள் பலரை வரவழைக்கவேண்டியிருந்தது.

ஆனால் எளிதாகப் பயணம் போவதற்கு ஒரு விலையும் உண்டு. 1809இல் இங்கிலாந்தில் ஹீத்கோட் காப்புரிமை பெற்ற இயந்திரம் பாபின் லேஸின் அந்த முறுக்கு வலையைத்தான் அப்படியே செய்தது. அன்று கூலியிழந்த பெண்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. இப்போது இரண்டு ஊர்க் கடைகளிலும் தொங்குபவற்றில் பெரும்பகுதி மெஷின் லேஸும் வெளியூர்ச் சரக்கும்தான். புரானோ கடையொன்றில் ஒரு மேசைவிரிப்பின் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு நகத்தளவுக்கு அரை மணியும் போதாததைக் கண்ணெதிரே கண்டபின், அது கைவேலை என்றால் எப்படி நம்புவது?

படகுக்கு இன்னும் நேரமிருந்ததால் மறுபடி அருங்காட்சியகத்துக்குள் போனேன். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஊசியில் புது நூல் கோத்துக்கொண்டிருந்தார். இலையின் மூலை பாதியில் நின்றது.