ஆட்டிசமும் கஞ்சாவும்: மேற்குச் சென்னைப் புறநகர் சார்ந்த ஒரு வரலாற்றுப் பார்வை

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மேற்குச் சென்னைப் புறநகர்களில் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் பள்ளியில் படித்த காலத்தில், ஆட்டிசம் என்ற சொல்லைப் பெரும்பாலான ஆசிரியர்கள் கேள்விப்பட்டதே இல்லை. யாரோடும் ஒட்டாமல் தனியே இருந்த பையனுக்கு ‘ஒரு மாதிரி’ என்று பெயர். பட்டாசுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுத பெண்ணுக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று பெயர். அப்படி வளர்ந்தவர்களில் சிலர், தங்களுக்கு இருப்பது ஆட்டிசமாக இருக்கலாமோ என்று இப்போதுதான் ஐயுறத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த ஐயத்தை எழுப்பிய கைப்பேசியே, கஞ்சா இந்தப் பதற்றத்தைத் தணிக்கும் என்ற செய்தியையும் சேர்த்துக் கொண்டுவந்து தருகிறது. அச்செய்தியில் எவ்வளவு உண்மை உண்டு, இந்த மண்ணில் அச்செடி எவ்வாறு மருந்தாகவும் குற்றமாகவும் ஆயிற்று என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

செடியும் மருந்தும்

கஞ்சா தமிழருக்குப் புதிதன்று. சித்த மருத்துவ மரபில் அதற்குச் சிவமூலி என்ற மறைபெயர் உண்டு. எட்டி, ஊமத்தை, அபின் போன்றவற்றோடு அதையும் நச்சுத்தன்மை உள்ள சரக்காகவே சித்த மருத்துவர் கருதினர். சுத்தி செய்த பிறகே பிற சரக்குகளோடு சேர்த்தனர். இன்றைய மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் விதிகளின் ‘இ(1)’ அட்டவணையும் கஞ்சாவை நச்சுப் பொருட்கள் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அது சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளை மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும். ‘சித்தர்களே சொன்னது’ என்று கூறிப் புகைப்பதை நியாயப்படுத்துவோர் இந்தச் சுத்தி முறையை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஐரோப்பிய மருத்துவம் இச்செடியைக் கூர்ந்து பார்த்தது கல்கத்தாவில். அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓஷாக்னஸி, 1839இல் இந்தியக் கஞ்சா குறித்து ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். வில்வாதம், முடக்குவாதம், காலரா எனப் பல நோய்களில் அதைச் சோதித்திருந்தார். பிறந்து சில வாரங்களே ஆன ஒரு குழந்தையின் வலிப்பு கஞ்சாச் சாற்றால் அடங்கியது என்பது அவர் பதிவுகளுள் புகழ் பெற்றது. இதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பிறகு, 2018 ஜூனில், கஞ்சாவிலுள்ள கன்னாபிடியால் (சி.பி.டி.) என்னும் வேதிப்பொருளிலிருந்து செய்த மருந்துக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அதுவும் குழந்தைகளுக்கு வரும் கடுமையான இருவகை வலிப்பு நோய்களுக்கே.

கஞ்சாவில் பல வேதிப்பொருட்கள் உள்ளன. அவற்றுள் இரண்டை வாசகர் பிரித்தறிய வேண்டும். போதை தருவது டி.எச்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படுவது. அதை 1964இல் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலமும் அவர் குழுவினரும் தனித்துப் பிரித்தெடுத்தனர். சி.பி.டி. அவ்வகைப் போதை தராது. தெருவில் விற்கும் பொட்டலத்தில் இவை எந்த அளவில் உள்ளன என்பது விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது.

கீழ்ப்பாக்கத்துப் பதிவேடு

அம்பத்தூரிலிருந்து சில கல் தொலைவில், கீழ்ப்பாக்கத்தில், 1871இல் சென்னை மனநோய்க் காப்பகம் திறக்கப்பட்டது. இன்று அதுவே அரசு மனநலக் காப்பகம். அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா வெளிப்படையாக விற்றது. அரசுக்கு அது வருவாய். ஆனால் கஞ்சாவால்தான் இந்தியர் பைத்தியமாகிறார்கள் என்ற பேச்சும் பரவலாக இருந்தது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் மதுவிலக்கு ஆதரவாளரான டபிள்யூ. எஸ். கெய்ன் 1893இல் இது பற்றிக் கேள்வி எழுப்பினார். அதன் விளைவாக மெக்வொர்த் யங் என்பவரைத் தலைவராகக் கொண்டு இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. நான்கு ஆங்கிலேயரும் மூன்று இந்தியரும் அடங்கிய அந்த ஏழுவர் குழு, மாகாணம் மாகாணமாகச் சென்று ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894இல் அறிக்கை அளித்தது.

அவ்வறிக்கையில் இன்றும் படிக்கத் தகுந்த பகுதி காப்பகங்களைப் பற்றியது. 1892ஆம் ஆண்டு இந்தியக் காப்பகங்களில் 1,344 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 222 பேருக்கு நோய்க் காரணம் கஞ்சா வகை என்று பதிவேடுகள் கூறின. ஆணையம் ஒவ்வொருவர் வரலாற்றையும் தனித்தனியே விசாரித்தது. ஊருக்கு ஆள் அனுப்பி, உறவினரைக் கேட்டு, பழைய தாள்களைப் புரட்டியது. முடிவில் 98 பேரிடம் மட்டுமே கஞ்சாவுக்கு ஓரளவு தொடர்பு இருந்ததாக ஏற்க முடிந்தது. அவர்களிலும் பலருக்கு வேறு காரணங்களும் கூடவே இருந்தன.

மற்றவர்கள் எப்படி அந்தப் பட்டியலில் ஏறினார்கள்? அலைந்து திரிந்தவரைக் காவலர் பிடித்து வருவார். அவரோடு வரும் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பியாக வேண்டும். குடும்பம் இல்லை, ஊர் தெரியாது. கஞ்சா என்று எழுதிவிடுவது எளிது. காப்பகத்து மருத்துவரும் அதையே தம் ஏட்டில் பெயர்த்தெழுதினார். ஆண்டறிக்கையில் அது புள்ளிவிவரமாயிற்று. ஒரு மனிதரைக் கேட்காமலும் பாராமலும் எழுதப்பட்ட ஒற்றைச் சொல், அரசுக் கொள்கைக்கே ஆதாரமாகும் நிலைக்கு வந்துவிட்டது. அன்று அவ்வாறு அடைக்கப்பட்டோருள், பேச்சும் பழக்கமும் பிறரினின்று மாறுபட்டதாலேயே பிடித்து வரப்பட்டவர்களும் இருந்திருக்கக் கூடும். ஆட்டிசம் என்ற வகைப்பாடு பிறக்க அப்போது இன்னும் ஐம்பது ஆண்டுகள் இருந்தன.

அளவாகப் பயன்படுத்துவோருக்குப் பொதுவாகப் பெரும் தீங்கில்லை என்றும், மிகுதியாகப் பயன்படுத்துவது கேடு என்றும், முற்றாகத் தடைசெய்யத் தேவையில்லை என்றும் ஆணையம் கூறியது. இதைக் கஞ்சாவுக்குக் கிடைத்த நற்சான்றாக இன்று பலர் எடுத்துக்காட்டுகின்றனர். இளவயதில் தொடங்கி, டி.எச்.சி. மிகுந்த கஞ்சாவைத் தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் மனச்சிதைவு போன்ற நோய்களின் வாய்ப்பு கூடுவதை ஆணையத்துக்குப் பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன. குடும்பத்தில் அந்நோய் இருப்பவர்களுக்கு அபாயம் மேலும் அதிகம். 1894ஆம் ஆண்டு அறிக்கையை 1894க்குப் பின் எதுவும் நடக்காததுபோல் படிக்கக் கூடாது.

சட்டம்

1937ஆம் ஆண்டின் சென்னை மதுவிலக்குச் சட்டம், கள், சாராயம் ஆகியவற்றோடு கஞ்சா, பங்கு முதலியவற்றையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. பூவும் காயும் உள்ள நுனிப்பகுதியையே இச்சட்டம் கஞ்சா என்கிறது; தனியே உள்ள இலையும் விதையும் அதில் சேரா. ஆகவேதான் வட மாநிலங்கள் சிலவற்றில் பங்குக் கடைகள் உள்ளன. இலையிலிருந்து வடித்த சாறு ‘விஜயா’ என்ற ஆயுர்வேதப் பெயரில், ஆயுஷ் உரிமத்துடன் இணையத்திலும் விற்பனைக்கு வருகிறது. ஆனால் ஆட்டிசத்துக்கென ஒப்புதல் பெற்ற கஞ்சா மருந்து எதுவும் இந்தியாவில் இல்லை.

ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருப்பது ‘சிறிய அளவு’. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேற்பட்டால் பத்து முதல் இருபது ஆண்டுகள். பயன்படுத்துவதே தனிக் குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. ‘தூக்கம் வருவதற்காக’ என்று ஒருவர் தாமாக வாங்கியதைச் சட்டம் மருத்துவப் பயன்பாடாகக் கொள்ளாது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மருத்துவப் பயனை ஏற்கும் வகையில், கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியது. 27க்கு 25 என்ற அந்த வாக்கெடுப்பில் இந்தியா நீக்கத்தை ஆதரித்தது; எனினும் உள்நாட்டுத் தண்டனைகள் மாறவில்லை. 2022 ஜனவரி 1 அன்று ஆவடி காவல் ஆணையரகம் உருவானது. அதையொட்டிய மாதங்களில் தமிழகக் காவல்துறை ‘கஞ்சா வேட்டை’ நடவடிக்கைகளை அடுத்தடுத்து நடத்தியது. தொழிற்சாலையிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்க்கும் ஒருவருக்கு ஒரு வழக்கு என்ன செய்யும் என்பதை இப்பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆய்வுகள் சொல்வது

ஆட்டிசத்தை லியோ கானர் 1943இலும், ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இலும் தனித்தனியே விவரித்தனர். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பல உட்பிரிவுகளை ஒன்றாக்கி ‘ஆட்டிசம் நிறமாலை’ என்ற ஒரே வகைக்குள் கொண்டுவந்தது. பேச்சும் படிப்பும் நன்றாக இருந்தும் கூட்டத்தையும் ஒலியையும் தாங்க முடியாத பெரியவர்கள் தங்களை அதில் அடையாளம் காணத் தொடங்கியது பெரும்பாலும் இதன் பிறகே. தமிழக அரசு ஆவணங்களில் வழங்கும் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்ற தொடர் இவர்களுக்குச் சற்றும் பொருந்தாது. புறவுலகம் அளவுக்கு மீறி உள்ளே நுழைவதே இவர்களில் பலருடைய துன்பம்.

அந்தத் துன்பத்தைக் கஞ்சா தணிக்குமா? இதுவரை நடந்த சோதனைகளுள் குறிப்பிடத்தக்கது இஸ்ரேலில் ஆதி ஆரன் தலைமையில் நடந்து 2021இல் வெளியானது. ஐந்து முதல் இருபத்தொரு வயது வரையிலான 150 பேர் அதில் பங்கேற்றனர். சி.பி.டி. இருபது பங்கு, டி.எச்.சி. ஒரு பங்கு என்ற அளவில் அமைந்த எண்ணெய் ஒரு சாராருக்கும், மருந்தற்ற வெற்று எண்ணெய் மற்றொரு சாராருக்கும் தரப்பட்டது. கட்டுக்கடங்காத நடத்தை நன்கு குறைந்ததாக மதிப்பிடப்பட்டோர் மருந்து பெற்றவர்களில் 49 விழுக்காடு, வெற்று எண்ணெய் பெற்றவர்களில் 21 விழுக்காடு. ஆனால் மற்றொரு முதன்மை அளவுகோலில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தூக்கக் கலக்கமும் பசிக்குறைவும் பக்கவிளைவுகளாக வந்தன. வெற்று எண்ணெயிலேயே ஐந்தில் ஒருவர் தேறினார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ‘எனக்குச் சரியாயிற்று’ என்று ஒருவர் சொல்வது பொய்யாக இல்லாமலே ஆதாரமற்றதாகவும் இருக்க முடியும்.

பெரியவர்களைப் பற்றிய ஆய்வு மிகக் குறைவு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள 17 ஆண்களுக்கும் இல்லாத 17 ஆண்களுக்கும் ஒரே ஒரு முறை 600 மில்லிகிராம் சி.பி.டி. தந்து மூளையை வருடிப் பார்த்தனர். நரம்பை அமைதிப்படுத்தும் காபா என்னும் வேதிப்பொருள் சார்ந்த அளவு, ஆட்டிசம் இல்லாதவர்களிடம் கூடியது, உள்ளவர்களிடம் குறைந்தது. இது நன்மையா தீமையா என்று அச்சோதனை கூற முற்படவில்லை. ஒருவருக்கு அமைதி தந்த மருந்து மற்றவர் மூளையில் நேர்மாறாக வினைபுரியலாம் என்பதற்கு இது போதும். ஆட்டிசத்தோடு வலிப்பு நோயும் சிலருக்கு உண்டு, சி.பி.டி. சில வலிப்பு மருந்துகளின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும்.

கஞ்சாவைத் தொடர்ந்து எடுத்து நிறுத்துபவருக்குத் தூக்கமின்மை, எரிச்சல், பதற்றம் ஆகியவை வருவதுண்டு. முதலில் எந்தத் துன்பத்துக்காகத் தொடங்கினாரோ அதே துன்பம்போல் இவை தோன்றும். அந்த நிலையில் மருத்துவரிடம் போனால், எது பிறவியிலேயே இருந்தது, எது பிறகு வந்தது என்று பிரிப்பது அவருக்கும் கடினமாகிறது. ‘போதைப் பழக்கம்’ என்று ஏட்டில் எழுதப்பட்டு, அதற்கு அடியில் இருப்பது கேட்கப்படாமலே போகலாம். 1892ஆம் ஆண்டுப் படிவத்தின் அந்தக் கட்டம் இன்றும் முழுதாக மறைந்துவிடவில்லை.

பெரியவர்களுக்கான வழி

தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இலேயே ஆட்டிசத்தை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகை இயலாமைகளுள் ஒன்றாக்கியது. நாற்பது கூற்றுகள் கொண்ட ‘இசா’ என்னும் இந்திய மதிப்பீட்டு அளவுகோல் சான்றிதழுக்குப் பயன்படுகிறது. ஆயினும் அந்த அளவுகோல் முதன்மையாகச் சிறாரையும் இளையோரையும் எண்ணி உருவானது. அரசின் தொடக்கநிலைப் பரிசோதனைத் திட்டமும் பதினெட்டு வயதோடு நின்றுவிடுகிறது. நாற்பது வயதில் முதன்முறையாக ஐயம் கொள்பவருக்கு நேரான வாசல் இல்லை. கஞ்சாவைப் பற்றிய வாய்மொழிச் செய்திகள் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றும் மருந்து எதுவும் இதுவரை இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து வரும் பதற்றம், தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு முறையான சிகிச்சை உண்டு. அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தக்க வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது. இரைச்சல் குறைந்த இருக்கை, எழுத்தில் தரப்படும் பணி ஆணை போன்ற சிறு மாற்றங்களைக் கேட்டுப் பெற அது வழி தருகிறது. ஏற்கெனவே கஞ்சாவுக்குப் பழகிவிட்டவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், சிறிய அளவு மற்றும் பயன்பாட்டு வழக்குகளில் பாதுகாப்புக் கோர 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு இடமளிக்கிறது. எனவே மருத்துவரிடம் அதை மறைக்கத் தேவையில்லை.

14416 என்ற டெலி-மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசி ஆலோசனை பெறலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் போன்ற அரசு மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவுகள் உள்ளன. ஆட்டிசத்தை உறுதிசெய்யக் குழந்தைப் பருவ விவரங்கள் இன்றியமையாதவை. ஆகவே முதல்முறை செல்பவர் தம் இளமைக்காலத்தை அறிந்த தாயையோ அக்காவையோ உடன் அழைத்துச் செல்வது நல்லது. அவர்கள் இல்லாதபோது பழைய மதிப்பெண் அட்டையில் வகுப்பாசிரியர் எழுதிய குறிப்புகூட உதவும்.