கல்வராயன் மலையில் குடிமையியல்: ஜாகீர் காலம் முதல் கிராம சபை வரை

இந்திய அரசமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. கல்வராயன் மலையின் கள்ளக்குறிச்சிப் பகுதியில் பரம்பரை நில ஆட்சியாளர்களான ஜாகீர்தார்களின் பிடி விலகி அரசு நிர்வாகம் மலையேறியது 1976 ஜூன் 25 அன்று. இம்மக்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு 1996இல்தான் கிடைத்தது. பின்னிரண்டு செய்திகளும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் எடுத்துரைக்கப்பட்டவை. கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகே, சாராயம் காய்ச்சும் இடமென்று பெயர்பெற்ற அந்த மலையில் சாலை உண்டா, பள்ளி உண்டா, ரேஷன் கடை உண்டா என்று நாடு கேட்கத் தொடங்கியது.

பள்ளிக்கூடம் பிள்ளைகளைப் பொதுவாழ்வில் பங்கெடுக்கும் குடிமக்களாக ஆக்குகிறதா என்ற கேள்விக்கு இந்த மலையைவிடக் கூர்மையான களம் தமிழ்நாட்டில் அரிது. பாட்டி ஜாகீருக்கு அடங்கி வாழ்ந்தவர், அம்மா முதல் தலைமுறை வாக்காளர், மகள் உண்டு உறைவிடப் பள்ளியில் குடிமையியல் படிப்பவள் என்று மூன்று காலங்களும் ஒரே வீட்டில் அடங்கிவிடக்கூடிய இடம் இது. கடந்த எழுபது ஆண்டுகளில் குடிமையியல் பாடம் கீழ்ப்படிதலை விட்டுப் பங்கேற்பை நோக்கி வெகுதூரம் நகர்ந்திருக்கிறது. மலைப்பள்ளியின் அன்றாட ஏற்பாடோ மாணவியை அவளுடைய ஊர்ப் பொதுவாழ்விலிருந்து தள்ளியே வைத்திருக்கிறது. இந்த முரண் எப்படி உருவானது என்பதை வரலாற்று வரிசையில் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாகீரும் ஊர்க்கூட்டமும்

கல்வராயன் மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் ஆளுகையில் கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை இருந்தது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை அது என்று மரபுச் செய்தி சொல்கிறது. 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னாற்காடு மாவட்ட விவரச்சுவடியிலும் இந்த ஜாகீர்கள் இடம்பெறுகின்றன. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் சமவெளியின் நில உறவுகளைப் புரட்டிப்போட்ட பிறகும், மலைமேல் பழைய ஆளுகை கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

அதனால் இம்மக்களுக்குப் பொதுவாழ்வே தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. ஊர்க்கவுண்டர், மூப்பன் என்ற பொறுப்புகளும், வழக்கையும் திருவிழாவையும் கூடிப் பேசி முடிக்கும் ஊர்க்கூட்டமும் அவர்களிடம் உண்டு. அங்கே பெண்களின் சொல்லுக்கு இடம் குறைவு. பதவிகள் பரம்பரையாக வருபவை. ஆயினும் கூடிப் பேசுதல் அவர்களுக்குப் புதிதல்ல. பிற்காலத்தில் இங்கு வந்த பள்ளிகள் இந்தப் பழக்கத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளாதது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

1976 ஜூன் 25 என்ற தேதி யோசிக்க வைக்கிறது. சரியாக ஓராண்டுக்கு முன் அதே நாளில்தான் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று திமுக அரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் 1976ஆம் ஆண்டினுடையதுதான். அதே ஆண்டின் 42ஆவது திருத்தம் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளை அரசமைப்பில் சேர்த்தது; கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. ஆக, நாட்டு மக்களின் அடிப்படை உரிமைகள் முடக்கப்பட்டிருந்த வேளையில் இம்மலை மக்கள் அரசின் குடிகள் ஆனார்கள். தேர்தல் இல்லை, சட்டமன்றம் இல்லை; அவர்கள் முதலில் கண்ட அரசு அதிகாரிகளின் அரசு.

பாடநூல் நகர்ந்த வழி

காலனிய ஆட்சியில் குடிமையியல் பள்ளிக்குள் வந்ததே விசுவாசமான குடிகளை உருவாக்கத்தான். அரசுக்கு எதிரான உணர்வு வளர்ந்துவந்த சூழலில் கீழ்ப்படிதலையும் ஒழுங்கையும் ஊட்டவே அது புகுத்தப்பட்டது என்பதை 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி எழுதப்பட்ட சமூக அறிவியல் நிலைப்பாட்டு அறிக்கை வெளிப்படையாகவே சொன்னது. விடுதலைக்குப் பின் இதற்கு முதல் பெரும் மாற்றை முன்வைத்தது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு. 1952இல் அமைந்து 1953இல் அறிக்கை தந்த அக்குழு, மக்களாட்சிக்குரிய குடிமைப் பண்பை வளர்ப்பதைப் பள்ளியின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாக வைத்தது. தெளிவாகச் சிந்திப்பதும், சிந்தித்ததைத் தெளிவாகப் பேசி எழுதுவதும் குடிமகனின் திறன்கள் என்றது. இங்கிலாந்தில் பெர்னார்ட் கிரிக் குழு சமூக ஈடுபாட்டையும் அரசியல் அறிவையும் வலியுறுத்தியது 1998இல். அங்கே குடிமையியல் கட்டாயப் பாடமானது 2002இல். தமிழர் ஒருவர் தலைமையில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பாதை சுட்டப்பட்டதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சமச்சீர்க் கல்வி 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் எல்லா வகுப்புகளுக்கும் விரிந்தது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் ஆறாம் வகுப்புக் குடிமையியல் பன்முகத் தன்மையில் தொடங்கி, சமத்துவம் பெறுதல், அரசமைப்புச் சட்டம், மக்களாட்சி, உள்ளாட்சி என்று போகிறது. நல்ல வரிசை. பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பாகுபாடு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்த பிறகே அரசமைப்பைக் காட்டுகிறது.

இந்தப் புத்தகம் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த நிலைமையைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் மட்டும் நடந்தது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உதயமான கள்ளக்குறிச்சி, மறுவரையறை காரணமாக விடுபட்ட ஒன்பது மாவட்டங்களில் ஒன்று. இங்கே வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபரில். 2016 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து 2021இல் பத்தாம் வகுப்பை முடித்த மலைப்பிள்ளை, 2016 அக்டோபருக்குப் பிந்தைய பள்ளி நாள்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவரையும் தன் ஊரில் கண்டதில்லை. மலையின் சேலம் மாவட்டப் பக்கத்திலோ 2019 டிசம்பரிலேயே வாக்களித்துவிட்டார்கள். புத்தகம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், அது விவரிக்கும் அமைப்பே ஊரில் இல்லாதபோது ஆசிரியர் எதைக் காட்டிப் பாடம் நடத்துவார்?

விடுதியும் கிராம சபையும்

மலையில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு அரசு கண்ட வழி பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் உண்டு. இவை இல்லாவிட்டால் பல பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள். இவற்றின் நன்மையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விடுதியில் வளரும் பிள்ளை ஊர்க்கூட்டத்தையும் பார்ப்பதில்லை, கிராம சபையையும் பார்ப்பதில்லை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாளும் கிராம சபை கூடும் நாள்கள். அதே காலையில் பிள்ளைகள் பள்ளியில் கொடியேற்றத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். குடியரசைக் கொண்டாடும் நிகழ்ச்சியும் குடியரசு ஊரில் இயங்கும் நிகழ்ச்சியும் ஒரே நாளில் வெவ்வேறு இடங்களில் நடக்க, பிள்ளைக்கு வாய்ப்பது முன்னது மட்டுமே.

பெற்றோர் பக்கமும் இதே சிக்கல்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், உறுப்பினரில் பாதி பெண்களாகவும் இருக்கச் சொல்கிறது. 2022இல் தமிழ்நாடு முழுவதும் 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. சமவெளியில் தாய்மார்கள் கழிப்பறைக்கும் கூடுதல் ஆசிரியருக்கும் தீர்மானம் போட வழி பிறந்தது. மலையில் ஒரு கூட்டத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு வந்த மகிழ் முற்றம் திட்டம் மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுக்களாகப் பிரித்துத் தலைமைப் பொறுப்பு தருகிறது. வரவேற்கிறேன். எனினும் பள்ளிச் சுவருக்குள் பழகும் தலைமை, ஊர்ச் சிக்கலைத் தொடாதவரை பாதிப் பயிற்சியே. 2022 ஜூலை 17 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டக் கனியாமூரில் மாணவி ஒருவரின் இறப்பையொட்டிய போராட்டம் தீவைப்பில் முடிந்தபோது, வழக்கில் சிக்கியவர்களில் இளைஞர்கள் ஏராளம். நியாயமான துயரத்தை மனுவாக, கூட்டமாக, தீர்மானமாக மாற்றும் வழிகளை அவர்களுக்கு யாராவது பழக்கியிருந்தார்களா என்பது அன்றே நாம் எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி.

மலைக்கு இன்று கிராம சபை ஏன் இவ்வளவு முக்கியம்? தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கே செல்லாது. எஞ்சியிருக்கும் வலுவான கருவி 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதுவும் 2008இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவதில் தடைப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே தமிழ்நாட்டில் நகர்ந்தது. அச்சட்டப்படி உரிமைக் கோரிக்கை தொடங்குவது கிராம சபையில். தனிநபர் உரிமைக்குப் படிவம் ‘அ’, சமூக உரிமைக்குப் படிவம் ‘ஆ’ என்று விண்ணப்பம் எழுத வேண்டும். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலம் தம் அனுபவத்தில் இருப்பதற்குக் குறைந்தது இரண்டு சான்றுகள் காட்ட வேண்டும். எல்லையை வரைந்து காட்ட வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

இவை ஒவ்வொன்றும் ஒன்பதாம் வகுப்பு மாணவியால் செய்யக்கூடிய வேலை. வரைபடம் புவியியலில் வருகிறது, வாக்குமூலம் பதிவது மொழிப்பாடத்தில் வருகிறது, சட்டம் குடிமையியலில் வருகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாததால் அவள் கிராம சபையில் கை தூக்க முடியாது. பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தைப் படித்துக் காட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை. மே 1 கிராம சபை கோடை விடுமுறையில் வருகிறது. விடுதிப் பிள்ளைகள் அன்று ஊரில்தான் இருப்பார்கள். பள்ளிகள் அந்த நாளை ஒட்டி ஒரு செயல்திட்டம் கொடுத்து, ஜூனில் வகுப்பு தொடங்கும்போது பிள்ளைகள் கொண்டுவரும் குறிப்புகளையே முதல் குடிமையியல் பாடமாக வைத்துக்கொள்ளலாம். அதற்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. பழங்குடியினர் நலத்துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.