எழுபது வளைவும் இரண்டு தழும்பும்

“நான் ஏழு பெத்தேன். ஒண்ணுக்குக்கூட மலைய விட்டு எறங்கல கண்ணு” என்று ஆயா சொன்னபோது எனக்கு ஏழாம் மாதம். மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் சிசேரியன். இதுவும் ஆபரேஷன்தான் என்று கீழே சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். “ரெண்டு தடவ கிழிச்சாச்சேம்மா” என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அன்று ராத்திரி கொல்லிமலைக்குத் திரும்பும் பஸ்ஸில்தான், வீட்டிலேயே பெற்றுக்கொண்டால் என்ன என்று முதன்முதலாகத் தோன்றியது.

கோபத்தில் தோன்றியதுதான். ஆனால் கோபம் என்னைப் படிக்க வைத்தது.

எனக்குக் கிடைத்த பதிலுக்கு நூறு வயதுக்கு மேல். 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிரேகின், ஒருமுறை சிசேரியன் செய்துவிட்டால் பிறகு எப்போதும் சிசேரியன்தான் என்ற பொருளில் எழுதினார். அது இரண்டாவது பிரசவத்துக்கான சட்டமாகவே பரவியது. அவர் கட்டுரையின் நோக்கம் வேறு. முதல் ஆபரேஷனை யோசிக்காமல் செய்யாதீர்கள், அதன் விளைவு அடுத்த பிரசவத்திலும் தொடரும் என்று சக மருத்துவர்களை எச்சரித்தார். சிசேரியனுக்குப் பிறகு மூன்று பிள்ளைகளை இயல்பாகப் பெற்ற தன் நோயாளி ஒருத்தியைப் பற்றியும் அதே கட்டுரையில் சொல்லியிருக்கிறார்.

அன்றைய தழும்பும் வேறு. கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காகக் கிழிப்பார்கள். வலி எடுக்கும்போது இறுகுவது அந்தத் தசைதான். அதனால் தையல் விட்டுப்போகும் அபாயம் அதிகம். 1920-களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர், கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கிழிக்கும் முறையை வலியுறுத்தினார். இன்று பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. தழும்பு மாறியது, பேச்சு மாறவில்லை.

1980-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, சிசேரியனுக்குப் பின் இயல்பான பிரசவத்தை முயலலாம் என்றது. 1996-இல் அங்கே முன்பு சிசேரியன் ஆனவர்களில் 28% பேர் அப்படிப் பெற்றார்கள். கர்ப்பப்பை கிழிந்த சம்பவங்கள், வழக்குகள் வந்தன. உடனடியாக ஆபரேஷன் செய்ய ஆள் இருக்கும் இடத்தில்தான் முயல வேண்டும் என்று 1999-இல் அங்குள்ள மகப்பேறு மருத்துவர் சங்கம் சொன்னது. சின்ன ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்தின. 2004-இல் விகிதம் பத்துக்கும் கீழே வந்தது. மறுக்கப்பட்ட பெண்களில் சிலர் வீட்டுப் பிரசவத்தை நாடினார்கள். பஸ்ஸில் நான் நினைத்ததை, எனக்கு முன்பே எங்கோ பலர் நினைத்திருக்கிறார்கள்.

நம் பக்கம் வருவோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6% பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான். அது சின்ன சாதனை இல்லை. அதே கணக்கில் சிசேரியன் 44.9%. தனியாரில் 63.8%, அரசில் 36%. கிரேகின் எதை எச்சரித்தாரோ அதுதான் இந்த எண்களுக்குள் இருக்கிறது. என் கதையும் அதுவே: முதல் பிள்ளைக்கு இதயத்துடிப்பு இறங்கியது, ஆபரேஷன் அவசியம். இரண்டாவதற்கு ஒரே காரணம் முதலாவது.

அப்படியென்றால் வீட்டிலேயே பெறலாமா? இங்கேதான் என் கோபம் நின்றுபோனது. குறுக்குத் தழும்பு ஒன்று இருந்தால் வலி எடுத்த பிறகு கர்ப்பப்பை கிழியும் வாய்ப்பு ஆயிரத்தில் ஐந்து முதல் ஒன்பது. இரண்டு இருந்தால் நூறில் ஒன்று முதல் இரண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆகிவிட்டால் குழந்தைக்கு இருப்பது நிமிடக் கணக்கு. காரவள்ளி அடிவாரத்துக்கும் எங்களுக்கும் நடுவே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். 108 வண்டி வாசலிலேயே நின்றாலும் அந்த வளைவுகள் குறையாது. இரண்டு சிசேரியனுக்குப் பிறகும் இயல்பாக முயலலாம் என்று 2010-இல் ஒப்புக்கொண்ட அதே சங்கம், 2017-இல் முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு வீட்டுப் பிரசவம் கூடவே கூடாது என்றதற்கும் காரணம் இந்தத் தூரம்தான்.

ஆயாவிடம் கேட்டேன். “ஏழுல எத்தன நெலச்சுது ஆயா?”

“அஞ்சு.” கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: “எனக்கு வயித்துல கத்தி படல கண்ணு. ஒனக்குப் பட்டிருக்கு.”

கிரேகின் சொன்னது அவர் காலத்துத் தழும்புக்குச் சரி. ஆயா சொன்னது தழும்பே இல்லாத வயிற்றுக்குச் சரி, அதற்கும் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறாள். எனக்கு வேண்டியது இரண்டுமில்லை. ஆபரேஷன் தியேட்டரும் ரத்த வங்கியும் இருக்கிற இடத்தில், முயன்று பார்க்க ஒரு வாய்ப்பு. மறுத்தால் சரியான காரணம்.

அடுத்த வாரம் மலையிறங்கி நாமக்கல்லில் சித்தி வீட்டில் தங்கப்போகிறேன். பையில் குழந்தைத் துணியோடு பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டும் இருக்கின்றன. எந்தப் பக்கம் கிழித்தார்கள் என்று அதில்தான் எழுதியிருக்கும். இந்த முறை கேள்வியை அதிலிருந்து தொடங்கப்போகிறேன்.